செல்லாத வாக்கு

2024ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி காலை, வழக்கம்போல எங்களூர் வாசிகசாலைக்குச் சென்றிருந்தேன். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றிவிட்டது என்ற செய்தி எனக்கு முன்னரே அங்கு வந்து சேர்ந்திருந்தது. தென்னிலங்கைக் கட்சியொன்று இம்மாவட்டத்தில் முதலிடம் பெறுவது சின்னச் செய்தியன்று.

“சேர், யாழ்ப்பாணம் திரும்பிட்டுது” என்றார் என்னிடம் ஒருகாலத்திற் கணிதம் படித்து, இன்று தாமும் ஆசிரியராயிருக்கும் இளைஞர். அவர் முகத்தில் விடியலைக் கண்டவனின் பூரிப்பு.

“திரும்பேல்லைத் தம்பி, கவிண்டு போச்சு” என்றார் பத்திரிகைக்குப் பின்னாலிருந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். அவர் முகத்தில் இழவு வீட்டின் சாயல்.

கணக்கு வாத்தியாரின் புத்தி கணக்கிலேதான் போகும். பத்திரிகையின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். மாவட்டத்திற் செல்லுபடியான வாக்குகள் 325,312. திசைகாட்டிக்கு விழுந்தவை 80,830. நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் சற்றுக் குறைவு. தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கு 63,327. தமிழ்க் காங்கிரசுக்கு 27,986. 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கு 27,855. முதலாவதாக வந்தவருக்குச் சட்டம் ஓர் ஆசனத்தைப் போனசாகத் தூக்கிக் கொடுக்கிறது. பின்னர் நூற்றுக்கு ஐந்து வீதம் எட்டாத பட்டியல்களெல்லாம் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. இவ்வாறு கழிந்த வாக்குகள் எண்பதினாயிரத்துக்கும் மேல். வென்றவர் பெற்ற தொகைக்கு இவை குறைந்தவையல்ல! எஞ்சியவற்றை ஐந்தால் வகுத்தால் ஏறத்தாழ 48,000. அந்த அளவை எட்டிய திசைகாட்டிக்கும் வீட்டுக்கும் ஒவ்வொன்று. மிகுதி மூன்று ஆசனங்களும் பெரிய மீதிகளுக்கு. வீட்டின் மீதி பதினையாயிரத்தளவே. திசைகாட்டியின் மீதியோ முப்பத்தீராயிரத்துக்கும் மேல். ஆகவே அதற்கு மூன்று. ஏனைய மூவருக்கும் ஒவ்வொன்று.

நால்வரில் ஒருவர் தந்த வாக்கு, ஆறில் மூன்று ஆசனமாயிற்று. யாழ்ப்பாணம் திரும்பவுமில்லை, கவிழவுமில்லை. பல துண்டாகி நின்றது. துண்டுகளிற் பெரியதற்குச் சட்டம் வெகுமதி அளித்தது. 2015இலும் 2020இலும் இதே போனஸ் ஆசனம் வீட்டுக்கே சென்றது. அப்பொழுது எழுதுவினைஞர் முகம் வாடியதாக எனக்கு நினைவில்லை.

இளைஞருக்கு என் கணக்கு ருசிக்கவில்லை. “மக்களின்ரை வெற்றியைச் சின்னனாக்கிறியள் சேர்” என்று குறைப்பட்டார். நாடு முழுவதிலும் நூற்றுக்கு அறுபத்தொன்றுக்கு மேற்பட்ட வாக்குகளையும் 159 ஆசனங்களையும் பெற்ற வெற்றியை எவராற் சின்னதாக்க இயலும்? ஆனால் இந்த மகிழ்ச்சியை நான் முன்னரும் கண்டிருக்கிறேன். 1970ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நான் சிறுவன். இடதுசாரியான என் தகப்பனார் வானொலியருகே விடியவிடிய இருந்தார். ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பதினேழே ஆசனங்கள் என்றதும் துள்ளிக் குதித்தார். நாடளாவிய வாக்குகளில் அக்கட்சிக்கு நூற்றுக்கு 37.9, தொண்ணூற்றொரு ஆசனங்களை வென்ற சுதந்திரக் கட்சிக்கோ 36.9 என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தாலும் அன்றிரவு அதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார். அந்தப் பெரும்பான்மையைக் கொண்டே 1972இன் யாப்பு எழுந்தது. சிறுபான்மையோருக்கு அரணாயிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு மறைந்தது. அந்த யாப்பை ஆக்குவதில் முன்னின்றவர் இடதுசாரியான கொல்வின் ஆர். டி சில்வா. 1977இல் அதே முறை மறுபக்கம் திரும்பியபோது ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140 ஆசனங்கள். சமசமாசக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஒன்றேனுமில்லை. நாம் வெல்லும்போது முறையின் கோணலைக் காணமாட்டோம். இந்த நோய் எங்களுக்கும் உண்டு.

இவ்வளவும் வீராப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு நடந்தபோது வேறோர் எண் மனத்தை உறுத்தியது. மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32,700க்கும் மேல். ஓர் ஆசனத்தைப் பெற்ற தமிழ்க் காங்கிரசின் வாக்குகளை விடக் கூடியது இத்தொகை. அவற்றுள் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும்.

செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது, எண்பது வயதைக் கடந்த என் பெரியம்மாவுக்குக் கலண்டர்த் தாளின் பின்புறத்தில் வாக்குச்சீட்டொன்றை வரைந்து, விரும்பினால் 1, 2, 3 என்று மூவருக்கு இடலாம் என்று படிப்பித்தேன். ஒருவரும் பாதிக்கு மேற் பெறாமையால், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் கணக்கெடுப்பு நடைபெற்று அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானபோது, எங்கள் பாடம் வீண்போகவில்லை என்று நான் பெருமைப்பட்டதுமுண்டு. நவம்பரில் முறை வேறு. ஒரு பட்டியலுக்கு மட்டுமே புள்ளடி. கீழே அப்பட்டியலின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நினைவே வரவில்லை.

வாக்களித்து வந்த அன்றே பெரியம்மா திண்ணையிலிருந்து சொன்னார்: “நீ காட்டித் தந்த மாதிரித்தான் போட்டனான் மோனை. வீட்டுக்கு ஒண்டு, திசைகாட்டிக்கு ரண்டு, சங்குக்கு மூண்டு. உரிமையைக் கேக்க எங்கடை ஆக்கள் வேணும். களவெடுத்தவங்களைப் பிடிக்க அவங்கள் வேணும். சங்கு போனமுறை போட்டது, விடேலாது.”

வாசிகசாலையில் நாங்கள் மூவரும் பேசியதைவிட இதில் அரசியல் தெளிவு அதிகம். இனத்தின் உரிமையையும் ஊழலற்ற ஆட்சியையும் ஒருங்கே வேண்டிய ஒரு மனம், அவற்றை வரிசைப்படுத்தியும் எழுதியிருக்கிறது. எண்ணுமிடத்தில் அது செல்லாக் காகிதம். கட்சிக்காரர் படலை படலையாக வந்து தத்தம் சின்னத்தையும் இலக்கத்தையும் சொல்லிப் போனார்கள். சீட்டை எப்படி நிரப்புவதென்று சொல்ல ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரு படலையையேனும் திறக்கவில்லை.

முடிவு வந்த அன்று மாலை அவர் கேட்டார்: “வீட்டுக்கு ஒரு சீற்றுத்தானாமே? அதிலை என்ரை துண்டும் இருக்குமெல்லோ?”

“ஓம் பெரியம்மா” என்றேன்.

2025 மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர், மறவாமல் மீண்டும் ஒரு தாளில் வரைந்து, ஒரேயொரு புள்ளடி மாத்திரம் என்று காட்டினேன். நெடுநேரம் அதைப் பார்த்திருந்தவர், “அப்ப போனமுறை நான் போட்டது?” என்றார்.

இம்முறை உண்மையைச் சொன்னேன். அன்று முழுவதும் பெரியம்மா என்னுடன் பேசவில்லை.