தண்ணிக்குக் காச்சலுங்களா?

"ஏனுங் தம்பி, தண்ணிக்குக் காச்சலுங்களா?"

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் ஓரமாகக் குனிந்து நின்றிருந்த என்னைப் பார்த்து அந்தப் பெரியவர் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. என் கையிலிருந்த டி.டி.எஸ். மீட்டர் அசல் தெர்மாமீட்டர் மாதிரிதான் இருக்கும்.

2010ல் ஐ.பி.எம். கம்பெனி அமெரிக்காவில் 'க்ரீக் வாட்ச்' என்று ஒரு ஆப் விட்டது. ஓடையைத் தாண்டிப் போகிறவர் ஒரு போட்டோ எடுக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு, ஓட்டம் எப்படி, குப்பை உண்டா... மூன்றே கேள்வி. இடத்தை போனே குறித்துக்கொள்ளும். அட, இதை நாமும் செய்யலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். வண்டி நண்பனுடையது. பெட்ரோல் என்னுடையது.

முதலில் ஆலாந்துறை தாண்டிக் கூடுதுறை. மலை ஓடைகள் சேர்ந்து நொய்யல் ஆகிற இடம். மீட்டரை நனைத்தேன். இரண்டே இலக்கம்! தேதி, நேரம், இடம் விழுகிற மாதிரி போனில் ஒரு கிளிக்.

"மாப்ளே, இது உப்பைத்தான் அளக்கும். உப்பு இருந்தால் கரண்ட் நன்றாகப் பாயும், அதுதான் கணக்கு. கிருமி இதற்குத் தெரியாது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டான்.

அடுத்து திருப்பூர். மீட்டரை நனைக்க இடம் தேடிக் கரையில் இறங்கினால், பாலத்தில் போனவர்கள் எல்லாம், "சாவி விழுந்திருச்சா சார்?" என்று விசாரித்தார்கள். மீட்டரில் நான்கு இலக்கம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நண்பன் இங்கே கை நீட்டவில்லை.

கடைசியாகத்தான் ஒரத்துப்பாளையம். பாசனத்துக்காக 1992ல் திறந்த அணை. சில வருஷங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்று ஆனது.

பெரியவர் போய், தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டு வந்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. மீட்டரோ மறுபடி நான்கு இலக்கம் காட்டியது.

"மாடு இதத்தானுங்க குடிக்குது. அந்த நம்பர எழுதிக் குடுங்க. ஆபீசுல காட்டறேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. நான் படித்தது பி.காம். ஒரே ஒரு ரசீதை வைத்துக்கொண்டு லாப நஷ்டக் கணக்கு எழுத முடியாது. ஆபீசில் கேட்பது லேப் ரிப்போர்ட். இந்தப் பேனா மீட்டரைக் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் ஒரே இடத்தில், மாசாமாசம், தேதியோடு எடுத்த பன்னிரண்டு படம் இருந்தால்? எந்த மாசம் உப்பு ஏறுகிறது, எப்போது லேபுக்குத் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும் என்றாவது தெரியும்.

அதைச் சொன்னேன். பெரியவரிடம் பட்டன் போன்தான். பேரன் கையில் நல்ல போன் இருந்தது. மீட்டரை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

இதுவரை ஆறு படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அதே கிணறு, அதே சொம்பு. மழை பெய்த மாசம் எண் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் ஏறிவிட்டது. போன வாரம் வந்த படத்துக்குக் கீழே பேரன் ஒரு வரி எழுதியிருந்தான்:

"காச்சல் எறங்குச்சான்னு தாத்தா கேக்கறாருங்ணா."

"இன்னும் இல்லை. அடுத்த மாசமும் எடு" என்று பதில் போட்டிருக்கிறேன்.