எதுவரை செல்லும் இந்தச் சீட்டு?

'செல்லும்' என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. வண்டி செல்லும் என்கிறோம். காசு செல்லும் என்றும் சொல்கிறோம். முன்னது போதலைக் குறிக்கும். பின்னது மதிப்புடைமையைக் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து கூடுவது புகையிரதப் பருவச் சீட்டிலேதான். அது செல்லுமிடம் வரைதான் நாமும் செல்லலாம்.

நம் நாட்டுக் கரையோரப் பாதையில் நாள்தோறும் பிரயாணஞ் செய்யும் உத்தியோகத்தரும் மாணவரும் இதுபற்றி அதிகம் சிந்திப்பதில்லை. மொறட்டுவையில் ஏறிக் கோட்டையில் இறங்குபவருக்குப் பாதை ஒன்றே. கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என நிலையங்கள் நூலிற் கோத்த மணிகள்போல் கடலோரமாக வரிசையில் நிற்கின்றன. சீட்டில் இரு நிலையங்களின் பெயர் இருந்தால் போதும், 'எந்த வழியால்?' என்ற கேள்வி எழுவதேயில்லை. இலண்டன் மாநகரிலோ நிலைமை வேறு. அங்கே புகையிரதப் பாதை நூலன்று, வலை. அவ்வலையின் எந்த இழை நமக்குரியது என்று அறியாதவர் அந்நகரில் ஒரு மாதமேனும் சிக்கனமாக வாழ்தல் அரிது.

குறொய்டனிலே

இலண்டனின் தென்பாகத்திலுள்ள குறொய்டனில், நம் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கிழக்குக் குறொய்டன் நிலையம் 1841ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இலண்டனுக்கும் பிரைட்டன் கடற்கரைப் பட்டினத்துக்கும் இடையே ஓடும் பெரும்பாதையில் அது அமைந்துள்ளது. காலை ஏழு மணிக்கு அங்கே போய் நின்றால், மேடைகளை நோக்கி இறங்கும் சாய்தளங்களில் மக்கள் வெள்ளம் பெருகி வருவதைக் காணலாம். ஒருவரும் பேசுவதில்லை, ஒருவரும் நிற்பதுமில்லை.

வடக்கே சிறிது தூரம் சென்றதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நோர்வூட் சந்தி வழியாக லண்டன் பிரிட்ஜ் நிலையத்தை அடைகிறது. அந்நிலையத்தை அண்மும்போது வண்டி வீட்டுக் கூரைகளின் மட்டத்தில், செங்கல் வளைவுகளின்மேல் ஓடுகிறது; முன்னே, 2012இல் கட்டி முடிந்த 'ஷார்ட்' என்னும் கண்ணாடிக் கோபுரம் 300 மீற்றருக்கும் மேலாக உயர்ந்து நிற்கிறது. மற்றைக் கிளை கிளப்பம் சந்தியைக் கடந்து, பற்றர்சீ மின்நிலையத்தின் நான்கு வெண்ணிறப் புகைபோக்கிகளுக்கு அருகாகத் தேம்ஸ் நதியைத் தாண்டி, விக்டோரியா நிலையத்தில் முடிகிறது.

நம் மாணவரிடம் இருந்த சீட்டில் 'கிழக்குக் குறொய்டன் முதல் இலண்டன் முடிவு நிலையங்கள் வரை' என்று எழுதியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை. இலண்டன் முழுவதும் தேடினாலும் 'இலண்டன் முடிவு நிலையங்கள்' என்ற பெயரில் ஒரு நிலையம் இல்லை! அது ஒரு கூட்டத்தின் பெயர். அக்கூட்டத்தில் எவ்வெந் நிலையங்கள் அடங்கும் என்பது, நாம் எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்தது. குறொய்டனிலிருந்து வருபவருக்கு விக்டோரியாவும் லண்டன் பிரிட்ஜும் அதில் அடங்கும். வடக்கேயுள்ள யூஸ்ரனும் மேற்கேயுள்ள படிங்ரனும் அடங்கா.

இச்சிக்கல் ஏன் வந்தது?

இதற்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது. நம் கரையோரப் பாதையை அரசாங்கமே அமைத்தது. பிரித்தானியாவிலோ தனியார் கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் பாதைகளை அமைத்தன; தலைநகரில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிலையத்தைக் கட்ட முற்பட்டது. 1846ஆம் ஆண்டில் அமர்ந்த அரச ஆணைக்குழு, நகரின் நடுப்பகுதிக்குள் பாதைகள் புகலாகாதெனக் கூறிற்று. அதனால் முடிவு நிலையங்கள் பல, நகரைச் சுற்றி வளையம்போல் அமைந்தன. அவற்றை இணைக்க வேண்டிய தேவையே 1863இல் நிலத்தடிப் புகையிரதம் தோன்றுவதற்கு ஒரு காரணமாயிற்று.

1948இல் புகையிரதங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1990களில் மீண்டும் பல கம்பனிகளிடம் ஓட்டும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. எனவே ஒரு சீட்டு எவ்வழிகளாற் செல்லும் என்பதை வரையறுக்கத் தனியே ஒரு வழிகாட்டி நூலே வேண்டியதாயிற்று. சீட்டில் 'அனுமதிக்கப்பட்ட எவ்வழியும்' என்று கண்டால், விரும்பிய வழியெல்லாம் போகலாம் என்று பொருளன்று. அவ்வழிகாட்டி ஏற்றுக்கொண்ட வழிகள் என்பதே பொருள்.

கோடும் பரப்பும்

நுணுக்கங்கள் பலவாயினும் அடிப்படை ஒன்றே. கேத்திரகணிதம் கற்கும் மாணவர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். இலண்டனில் பருவச் சீட்டு இருவகைப்படும்: ஒன்று கோடு, மற்றது பரப்பு.

இரு நிலையங்களுக்கிடையே வழங்கப்படுவது கோட்டுச் சீட்டு. அக்கோட்டின்மேல் எந்நேரமும், எத்தனை முறையும் போய்வரலாம். இடையிலுள்ள நிலையங்களில் இறங்கலாம், ஏறலாம். ஆகவே நம் மாணவர் நோர்வூட்டில் இறங்கி நண்பரைக் காணவும், கிளப்பம் சந்தியில் இறங்கிச் சாமான் வாங்கவும் தடையில்லை. ஆனால் விக்டோரியா நிலையத்தின் படிகளில் இறங்கி நிலத்தடி வண்டியில் ஏற முற்பட்டால் அந்தக் கணமே சீட்டின் எல்லை முடிந்துவிடும். நிலையத்தின் பெயர் மேலும் கீழும் ஒன்றே. சீட்டு மட்டும் ஒன்றன்று.

பரப்புச் சீட்டு 1983இல் அறிமுகமாயிற்று. இலண்டனை ஒன்றையொன்று சூழ்ந்த ஆறு வலயங்களாகக் கொண்டால், நடுநகரம் முதலாம் வலயம். கிழக்குக் குறொய்டன் ஐந்தாம் வலயம். ஒன்று முதல் ஐந்து வரை சீட்டு வாங்கியவர் அவ்வலயங்களுக்குள் சாதாரண புகையிரதங்களிலும் நிலத்தடி வண்டிகளிலும் எத்திசையும் செல்லலாம். நகரப் பேருந்துகளிலோ வலய வேறுபாடின்றி எங்கும் ஏறலாம். ஆயினும் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு ஓடும் விசேட விரைவு வண்டி போன்ற சில, வலயத்துக்குள் ஓடினும் இச்சீட்டை ஏற்கா.

எல்லையைத் தாண்டிச் செல்லவேண்டின் என் செய்வது? தாண்டும் பகுதிக்கு மட்டும் வேறு சீட்டு வாங்கினாற் போதும். இங்கே பருவச் சீட்டுக்கு ஒரு சலுகை உண்டு. சாதாரணச் சீட்டுகள் இரண்டை இணைத்துப் பிரயாணஞ் செய்தால், அவை சந்திக்கும் நிலையத்தில் வண்டி நின்றாக வேண்டும். இரண்டில் ஒன்று பருவச் சீட்டாயின் வண்டி அங்கே நில்லாது சென்றாலும் குற்றமில்லை. நம் மாணவர் விடுமுறை நாளில் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போகும்போது, குறொய்டனுக்கு அப்பாலுள்ள தூரத்துக்கே பணம் கொடுக்கிறார்.

சீட்டும் வாழ்வும்

இவையெல்லாம் வெறும் விதிகள் என்று எண்ணற்க. இங்கிலாந்திற் செல்லாத சீட்டோடு பிடிபடுபவருக்கு 2023 ஜனவரியில் விதிக்கப்பட்ட தண்டப் பணம் 100 பவுணும் பிரயாணக் கட்டணமும் ஆகும். 21 நாட்களுக்குள் செலுத்தினால் 100 என்பது 50 ஆகும். வாயிற்கதவு திறந்து வழிவிட்டது என்று சொல்லித் தப்பவும் இயலாது. இயந்திரம் திறந்தமை சீட்டுச் செல்லும் என்பதற்கு அத்தாட்சியன்று.

தண்டத்திலும் பெரியது வேறொன்று. நம் மாணவரின் காரியாலயம் லண்டன் பிரிட்ஜிலிருந்து நடந்துபோகும் தூரம். அவருடைய வயது முதிர்ந்த தாயாரோ மகளோடு டூட்டிங்கில் வசிக்கிறார். தமிழர் கடைகளும் தமிழ்ப் பேச்சும் நிறைந்த அவ்விடம் மூன்றாம் வலயத்தில் உள்ளது. அவருடைய கோட்டில் இல்லை.

"சேர், இந்தச் சீட்டு என்னை வேலைக்குக் கொண்டுபோகும், அம்மாவிடம் கொண்டுபோகாது" என்றார் அவர் ஒருநாள் இரவு, சிரித்துக்கொண்டே.

அன்றே மேசையில் ஒரு தாளை விரித்தோம். டூட்டிங்குக்கு மாதத்தில் எத்தனை முறை, மாலை வகுப்புக்காக நிலத்தடி வண்டியில் எத்தனை முறை, பேருந்தில் எத்தனை முறை என எழுதிக் கூட்டினோம். அந்தத் தொகையை இருவகைச் சீட்டுகளின் விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டோம். வேறுபாடு மிகச் சிறிது. கோட்டுச் சீட்டு மலிவென்று எண்ணித் தாயாரிடம் போவதைக் குறைத்து வந்ததே அவர் கண்ட மிச்சம்! அடுத்த மாதம் அவர் பரப்புச் சீட்டு வாங்கினார்.

எல்லார்க்கும் பரப்பே சிறந்ததென்று நாம் சொல்லவில்லை. வேலைக்குப் போய் வீடு திரும்புவதே வழக்கமாயின் கோடே போதும். ஓராண்டுச் சீட்டின் விலை நாற்பது கிழமைகளின் விலையே. ஆயினும் வீடு மாறக்கூடிய மாணவர் அதில் அவசரப்படலாகாது. மேற்படிப்புக்காக இலண்டன் போகும் பிள்ளைகள் மலிவான அறையைத் தேடுமுன், அவ்வறையிலிருந்து கல்லூரிக்கும், நூல்நிலையத்துக்கும், உறவினர் வீட்டுக்கும் எச்சீட்டுச் செல்லும் என்று பார்த்துக்கொள்வார்களாக. வாடகையில் மிஞ்சியது வண்டியிற் போய்விடக்கூடும்.

சீட்டை வாங்குமுன் நகரப் படத்தை விரித்து, நாம் போகவேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் குறிப்போம். வேலைத்தலத்தை முதலிற் குறிப்பது இயல்பே. அன்புக்குரியோர் இருக்கும் இடத்தையும் மறவாது குறித்தபின், கோடு வேண்டுமா பரப்பு வேண்டுமா என்று தீர்மானிப்போம்.