பியூஸ் போன பல்பைத் தூக்கிப் போடாதீங்க

தில்லி, நொய்டா, குர்காவ்ன் பக்கம் கார் வச்சிருக்கிற நம்மாளுங்களுக்கு தீபாவளி முடிஞ்சதும் ஒரு கவலை ஆரம்பிச்சுடும். முதல்ல புகை, அதுக்குப் பின்னாடியே மூடுபனி. டிசம்பர் கடைசியிலேர்ந்து ஜனவரி பாதி வரைக்கும் சில நாள் காலையில பால்கனியில நின்னா எதிர் பிளாக்கே தெரியாது. அந்த நேரத்துல பிரேக் எவ்வளவு முக்கியமோ ஹெட்லைட்டும் அவ்வளவு முக்கியம். அது நாம ரோட்டைப் பாக்கறதுக்கு மட்டும் இல்லை, எதிர்ல வர்றவன் நம்மளைப் பாக்கறதுக்கும்தான்.

2023 செப்டம்பர்ல ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மாற்றலாகிப் போனப்ப, அவரோட 2015 மாடல் பெட்ரோல் காரை வாங்கினேன். இன்ஜின் கிண்ணுன்னு இருந்தது. ஆனா அக்டோபர்லேர்ந்து டிசம்பர் நடுவுக்குள்ள வலது பக்க ஹெட்லைட் பல்பு மூணு தடவை போயிடுச்சு. இடது பக்கம் ஒரு தடவை கூடப் போகலை.

ஒவ்வொரு தடவையும் மார்க்கெட்ல இருக்கிற ஆக்சசரீஸ் கடைக்காரர் ஒரே டயலாக்தான் சொன்னார். "சாப், வோ பல்ப் லோக்கல் தா. யே வாலா லீஜியே." ஒவ்வொரு 'யே வாலா'வும் முந்தினதை விட இருநூறு ரூபாய் கூட. நம்ம ஊர்ல 'பல்பு வாங்கறது'ன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். நான் வாங்கினது நிஜ பல்பு, அதுவும் மூணு தடவை.

செலவோட போயிருந்தா நான் இவ்வளவு நீட்டி முழக்க மாட்டேன். டிசம்பர் மூணாவது வாரம், தாத்ரி பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிட்டு ராத்திரி திரும்பி வந்துட்டு இருந்தோம். டிவைடர் இல்லாத ரோடு. வலது பல்பு மறுபடியும் அணைஞ்சிருக்கு. முன்னாடி எல்லாமே வெள்ளையா இருந்ததால உள்ள உக்காந்திருக்கிற எங்களுக்கு அது தெரியலை. எதிர்ல ஒரு லாரி நடு ரோட்டுல நேரா வருது. ஹார்ன் அடிக்க அடிக்க அவன் ஒதுங்கவே இல்லை. கடைசி நேரத்துல வண்டியை இடது பக்க மண்ணுல இறக்கி நிறுத்தினேன். பின் சீட்ல பொண்ணு தூங்கிட்டு இருந்தா. முழிக்கக்கூட இல்லை.

அந்த லாரிக்காரனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நம்ம நாட்டுல இடது பக்கம் ஓட்டறோம். வலது லைட் போயிட்டா எதிர்ல வர்றவன் கண்ணுக்குத் தெரியறது நம்ம இடது லைட் மட்டும்தான். பனியில அதைப் பார்த்தா ரோட்டோரமா ஒரு பைக் வருதுன்னு நினைப்பான். மிச்ச இடம் காலின்னு நினைச்சு உள்ள வருவான். அவன் காலின்னு நினைக்கிற இடத்துலதான் நாம ஸ்டியரிங் பிடிச்சு உக்காந்திருக்கோம்!

வீட்டுக்கு வந்ததும் தங்கமணி ஒரே வார்த்தை. "ஏங்க, ஜனவரியில மாமாவும் அத்தையும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல வர்றாங்க. விடிகாலையில பனியில போய்க் கூட்டிட்டு வரணும். அதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க. இல்லைன்னா டாக்ஸிதான்."

இந்தத் தடவை கடைக்குப் போகாம, செக்டார் மார்க்கெட்டுக்குப் பின்னாடி மரத்தடியில உக்காந்திருக்கிற ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். நாப்பது வருஷமா வண்டி எலக்ட்ரிக் வேலை மட்டும் பார்க்கிறவர். பானெட்டைத் திறக்கச் சொல்லுவார்னு பார்த்தா, கையை நீட்டி "புரானா பல்ப் லாயே ஹோ?"ன்னு கேட்டார்.

நல்லவேளை, மூணுமே டாஷ்போர்டுல இருந்தது. எங்க அப்பா துருப்பிடிச்ச ஆணியைக்கூட ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வைக்கிற ஆள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. பெரியவர் மூணையும் வெயில்ல பிடிச்சுப் பார்த்தார். ரெண்டு பல்புக்குள்ள விபூதி பூசின மாதிரி வெள்ளைப் பொடி. மூணாவதுல கண்ணாடி சுத்தமா இருந்தது, இழை மட்டும் அறுந்திருந்தது. "பல்பு மேல குத்தம் இல்லை, வீட்டு மேலதான் குத்தம்"ங்கிற அர்த்தத்துல ஏதோ ஹிந்தியில சொல்லிட்டு, அப்புறம்தான் பானெட்டைத் திறந்தார்.

உள்ள பார்த்தா கதை தெளிவா இருந்தது. முதல் ஓனர் காலத்துல யாரோ 100/90 வாட்ஸ் பல்பு போட்டு ஓட்டியிருக்காங்க. வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது ஹெச்4 பல்பு, 60/55 வாட்ஸ். அதாவது பிரைட்ல 60, டிம்ல 55. டிம்ல 55 வாட்ஸுக்கு சுமார் 4.6 ஆம்பியர் ஓடும். 90 வாட்ஸ்னா 7.5 ஆம்பியர். கப்ளர் முனைகள்ல உண்டாகிற சூடு கரண்டோட வர்க்கத்துக்குத் தக்கபடி ஏறும், அதனால ரெண்டரை மடங்குக்கும் மேல. வலது பக்க பிளாஸ்டிக் கப்ளர் அந்தச் சூட்டுல பழுத்து, பிரவுன் ஆகி, உள்ள இருக்கிற பித்தளை முனை தளர்ந்து போயிருந்தது. போதாததுக்கு, பல்புக்குப் பின்னாடி இருக்கிற ரப்பர் கவரை பிளேடால கிழிச்சு வேற வச்சிருந்தாங்க. ஹெட்லைட்டுக்குள்ள அடியில தண்ணி முத்து முத்தா நின்னுது.

பெரியவர் மல்டிமீட்டர் எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 14.2 வோல்ட். டைனமோ நல்லா இருக்கு. டிம் லைட்டைப் போட்டுட்டு இடது கப்ளர்ல பார்த்தா 13.6, வலது கப்ளர்ல 12.6. அந்த ஒரு வோல்ட் வழியிலேயே சூடா மாறி வீணாகுது. ஒரு வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க, வெளிச்சம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைஞ்சிடும்.

தளர்ந்த முனையால குழியில வண்டி விழும்போதெல்லாம் பல்பு ஒரு கணம் அணைஞ்சு எரியும். ஆறின இழையோட மின்தடை ரொம்பக் கம்மி, எரியும்போது இருக்கிறதுல சுமார் பத்துல ஒரு பங்குதான். அதனால ஒவ்வொரு தடவை எரியும்போதும் ஒரு கணம் பல மடங்கு கரண்ட் பாயும். அப்படி அறுந்ததுதான் அந்த ஒரு பல்பு. மத்த ரெண்டும் தண்ணியாலயும் சூட்டாலயும் போனது. கொதிக்கிற கண்ணாடி மேல குளிர்ந்த தண்ணி பட்டா, ஹார்ட் கிளாஸ் பல்பா இருந்தா விரிசல் விடும். குவார்ட்ஸ் கண்ணாடின்னா தாங்கும். விரிசல் வழியா காத்து உள்ள போனா இழை எரிஞ்சு அந்த வெள்ளைப் பொடியாகிடும்.

புது செராமிக் கப்ளர், ரப்பர் கவர், ரெண்டு பக்கமும் 60/55 பல்பு, கூலி எல்லாம் சேர்த்தும், முதல் மூணு பல்புக்குக் கொடுத்ததை விடக் குறைவுதான் ஆச்சு. ஜனவரியில ரயில் பனியால நாலு மணி நேரம் லேட். ஆனா அப்பா அம்மாவை நம்ம வண்டியிலதான் கூட்டிட்டு வந்தேன்.

அவர் சொன்னதையும் அப்புறம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்து, செத்த பல்பை எப்படிப் படிக்கிறதுன்னு எழுதி வைக்கிறேன்:

1. கண்ணாடி தெளிவு, இழை மட்டும் அறுந்திருக்கு: வயசாகியிருக்கலாம். சீக்கிரமே போச்சுன்னா அதிர்வு. பல்பைப் பிடிக்கிற கம்பி கிளிப், கப்ளர் ரெண்டையும் ஆட்டிப் பாருங்க.

2. உள்ள வெள்ளை அல்லது மஞ்சள் பொடி: காத்து உள்ள போயிருக்கு. ரப்பர் கவர், தண்ணி, விரிசலைப் பாருங்க.

3. கண்ணாடி கறுத்திருக்கு: நாள்பட்டது, இல்லைன்னா வோல்டேஜ் அதிகம்.

4. கண்ணாடியில கொப்புளம்: விரல் பட்டிருக்கு. வியர்வையில இருக்கிற உப்பும் எண்ணெயும் அந்தச் சூட்டுல கண்ணாடியைக் கெடுக்கும். தொட்டுட்டா ஸ்பிரிட்டால துடைச்சுட்டு மாட்டுங்க.

5. டிம் போட்டா டிம், பிரைட் ரெண்டு இழையும் மங்கலா எரியுது: எர்த் சரியில்லை.

ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி போனா அந்தப் பக்கத்துல குத்தம். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போனா பல்பு ரகம், இல்லைன்னா வோல்டேஜ். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.8லேர்ந்து 14.4 வரை இருந்தா சரி. 15 தாண்டினா ரெகுலேட்டரைப் பாருங்க. வோல்டேஜ் 5 சதவீதம் ஏறினாலே பல்போட ஆயுசு கிட்டத்தட்ட பாதியாகிடும். அங்க எவ்வளவு விலை கொடுத்து பல்பு வாங்கிப் போட்டாலும் நிக்காது.

கடைக்காரர் 'எக்ஸ்ட்ரா ஒயிட்' தர்றேன்னு சொன்னா யோசிங்க. நீலப் பூச்சு வெளிச்சத்துல கொஞ்சத்தைத் தின்னுடும். அதை ஈடுகட்ட இழையைக் கூடுதல் சூட்டுல எரிப்பாங்க, அதனால ஆயுசு குறையும். ஹெச்4 ஹெட்லைட்டுல எல்இடி கிட் மாட்டறதும் அப்படித்தான். அந்த ரிஃப்ளெக்டரை வடிவமைச்சதே இழை இருக்கிற இடத்தைக் கணக்கு பண்ணித்தான். வெளிச்சம் இடம் மாறினா எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தும். பனியில நமக்கே திரும்பி அடிக்கும். பனியில பிரைட் போடக்கூடாதுன்னு சொல்றதும் இதனாலதான்.

குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் வண்டியைச் சுவருக்கு எதிர்ல நிறுத்தி, ரெண்டு பக்கமும் சமமா எரியுதான்னு பாருங்க. ஒண்ணு மங்கலா இருந்தா பல்பு வாங்க ஓடாதீங்க, கப்ளரைக் கழட்டிப் பாருங்க. டாஷ்போர்டுல ஒரு ஸ்பேர் பல்பு வச்சுக்கங்க. பழசு போச்சுன்னா அதைக் குப்பையில போடாம, புதுசு வந்த டப்பாவுலயே போட்டுத் தேதியை எழுதி வைங்க. அடுத்த தடவை கடைக்காரர் விலை கூடின பல்பை எடுத்து நீட்டறப்ப, பழசு ரெண்டையும் அவர் முன்னாடி வச்சு, இதெல்லாம் ஏன் போச்சுன்னு கேளுங்க. பதில் சொல்றவர் கிட்ட மட்டும் வாங்குங்க.