இரண்டாவது படிக்கட்டு

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஏஜென்ட்டுகள் அன்றிலிருந்து வீட்டில் தங்க மாட்டார்கள். ஒரு தோளில் ஆல்பப் பை, மறு தோளில் துணிப் பை. பட்டாசு வியாபாரத்துக்குப் போகிறவர்களும் அதே ரயிலில்தான் இருப்பார்கள். ரயிலில் பட்டாசு கொண்டுபோகத் தடை என்பதால் அவர்கள் பையில் விலைப்பட்டியலும் லேபிளும் காலிப் பெட்டிகளும் மட்டும் இருக்கும். பொதிகையோ கொல்லம் மெயிலோ விருதுநகரைத் தாண்டி, எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்தில் பேச்சு தானாக அங்கே வந்து நிற்கும்: "மெட்ராஸ்ல எங்க தங்குறீங்க அண்ணாச்சி?"

வாடகை எவ்வளவு என்று யாரும் முதலில் கேட்பதில்லை. சரக்கு விற்றுப் பழகியவர்களுக்கு, விலையை மட்டும் வைத்து எதையும் மலிவு என்று சொல்லிவிட முடியாது என்பது தெரியும். ஒரு நாள் அறைக்கு இருநூறு ரூபாய் மிச்சம் என்று ஊருக்கு வெளியே போனால், காலையும் மாலையும் ஆட்டோவுக்கே அது போய்விடும். அதோடு போகிற இரண்டு மணி நேரம் இரண்டு கடை ஆர்டர். கால் வலித்தால் மத்தியானம் வந்து கொஞ்சம் சாய்ந்துவிட்டுப் போகவும் முடியாது.

அதனால்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாக எழும்பூரைச் சுற்றியே தங்கினார்கள். தெற்கிலிருந்து வரும் வண்டிகள் விடியற்காலையில் கொண்டுவந்து விடுகிற இடம் அது. ஸ்டேஷனுக்கு எதிரே காந்தி-இர்வின் சாலை, கென்னட் லேன் என்று லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கிருந்து பாரிமுனைக்கு மின்சார ரயிலில் கொஞ்ச நேரம்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் சென்ட்ரல் பக்கம் பெரியமேட்டில் அறை எடுப்பார்கள். பரீட்சைக்குப் படிக்க வந்தவர்களும் புதிதாக வேலை கிடைத்தவர்களும் திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்குப் போவார்கள். மேன்ஷன் மாதக் கணக்கு. மெஸ் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும். 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது அங்கே மேன்ஷன்களும் மெஸ்களும் மூடும் நிலைக்கு வந்தன. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுவிட்டு அறை எடுக்கிற வழக்கம் எனக்கு அந்தக் கோடையிலிருந்துதான் வந்தது.

அறை எடுப்பதிலேயே கவனிக்க வேண்டிய ஒன்று, நாள் எப்போது தொடங்குகிறது என்பது. 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கிற லாட்ஜில் காலை ஆறுக்கு ஏறினால் மறுநாள் ஆறு வரை அறை நமக்கு. பகல் பன்னிரண்டு மணிக் கணக்கு என்றால், விடியற்காலையில் வருகிறவர் ஆறு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுத்தவர் ஆவார். எங்கள் பக்கத்து வண்டிகள் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ கிளம்பி விடியலில் சேருபவை. ஆகவே எங்களுக்கு இது வாடகையைவிடப் பெரிய விஷயம். அன்றிரவே திரும்புகிறவருக்கு அறையே வேண்டியதில்லை. குளித்து வேட்டி மாற்ற ஓர் இடம் போதும். உறுதியான டிக்கெட் இருந்தால் ரயில்வே ஓய்வறையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது. இதற்கு மேல், ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட லாட்ஜ் அறைகளுக்கு அதுவரை இருந்த வரி விலக்கும் 2022 ஜூலையில் போனது. 12 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பரில்தான் அது 5 சதவீதமாக இறங்கியது. பெரிய ஓட்டலில் தங்குகிறவருக்கு இதெல்லாம் கண்ணில்கூடப் படாது. காலண்டர் ஏஜென்ட்டுக்கு அது இரவுச் சாப்பாடு.

பஸ்ஸில் வருகிறவர்களின் கணக்கோ அடியோடு மாறிவிட்டது. 2002இல் கோயம்பேடு பஸ் நிலையம் வந்தபோது அரும்பாக்கம், வடபழனிப் பக்கம் லாட்ஜுகள் பெருகின. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். தென்மாவட்ட பஸ்கள் இப்போது நகரத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி நின்றுவிடுகின்றன. தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கம் வேலை உள்ளவருக்கு அது நல்லது. பாரிமுனையில் வேலை உள்ளவர், விடியற்காலையில் பையோடு இறங்கி, இன்னொரு பயணம் போக வேண்டும். பஸ்ஸை விட்டு ரயிலுக்கு மாறியவர்களை நான் அறிவேன்.

சொந்தக்காரர் வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு என்று ஊரில் கேட்பார்கள். நான் அதை ஒப்புவதில்லை. சென்னையில் ஒரு படுக்கையறை வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் படுக்கையை வாங்கிப் படுத்துக்கொள்வது நியாயமில்லை. ஒரு வேளை சாப்பிட்டுப் பேசிவிட்டு வருவதே உறவுக்கும் நல்லது. பெண்களின் நிலை இன்னும் கடினம். நேர்முகத் தேர்வுக்குத் தனியாக வரும் பெண்ணை வரவேற்பறையில் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரூம் இல்லை" என்கிற லாட்ஜுகள் இன்றும் இருக்கின்றன. அவள் தகப்பனாரோ அண்ணனோ வேலையை விட்டுக் கூட வர வேண்டியிருக்கிறது. இரண்டு டிக்கெட், இரண்டு சாப்பாடு. தமிழக அரசின் 'தோழி' விடுதிகளில் வேலைக்குப் போகும் பெண்கள் மாதக் கணக்கில் மட்டுமன்றி நாள் கணக்கிலும் தங்கலாம் என்று வந்திருப்பதை நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். அப்படியொரு விடுதி எழும்பூருக்குப் பக்கத்திலும் இருந்தால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பேருதவி.

அயலூரில் எங்கே படுப்பது என்ற கேள்விக்கு எங்கள் ஊர் ஒரு காலத்தில் சொந்தமாக விடை கண்டுபிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வடக்கே மாட்டுவண்டியில் சரக்கேற்றி வந்த நாடார் வணிகர்கள், தங்கும் இடங்களில் பேட்டைகளைக் கட்டினார்கள். சுற்றுச்சுவர், உள்ளே வண்டிக்கும் மாட்டுக்கும் சரக்குக்கும் ஆளுக்கும் இடம். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி என்று அந்தப் பேட்டைகளைச் சுற்றித்தான் ஊர்கள் வளர்ந்தன. வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்தார்கள். அவர்களின் சாதிச் சபையான உறவின்முறை அதைக் கொண்டு பேட்டையைப் பராமரித்தது. அதே மகமையும் வீட்டுக்கு வீடு வாங்கிய பிடி அரிசியும்தான் பிறகு காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலையாக விருதுநகரில் எழுந்து நின்றன. கோயிலுக்குள் நுழையும் உரிமையே நாடார்களுக்கு மறுக்கப்பட்ட காலம் அது. 1899இல் சிவகாசி கொள்ளையடிக்கப்பட்டு எரிந்ததும் அந்தப் பகையில்தான். இரவில் நம்பிக் கண்ணை மூட ஓர் இடம் இருப்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

பேட்டை ஒரு சாதியார் தங்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. மற்றவர்களை எண்ணிக் கட்டியதல்ல. அடையாள அட்டையும் பணமும் கொடுத்தால் யாருக்கும் சாவி தருகிற லாட்ஜ் அந்த வகையில் நியாயமானது; பழையது திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேட்டையில் தங்கியவருக்கு ஏதாவது நடந்தால் பதில் சொல்ல உறவின்முறை இருந்தது. மகமை கொடுத்தவர் கணக்குக் கேட்கலாம், சுவர் இடிந்திருந்தால் சபையில் எழுந்து பேசலாம். லாட்ஜில் நாம் ஓர் இரவுக்கு வந்துபோகிறவர்கள். சுவரைப் பற்றி யாரிடம் பேசுவது?

இதை எழுதும்போது கல்கத்தா நினைவுக்கு வருகிறது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போய்ச் சில மாதங்கள் தங்கிய நகரம். அவர்கள் கற்றுவந்ததிலிருந்துதான் எங்கள் வட்டாரத்தின் தீப்பெட்டி, பிறகு பட்டாசு, லேபிள் அச்சிடப் போய் அச்சுத் தொழில் எல்லாம் முளைத்தன. அதே நகரத்தில், படாபஜார் சந்தையை ஒட்டிய ஒரு சாதாரண ஓட்டலில், 2025 ஏப்ரல் 29 இரவு தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி. அவர்களில் மூன்று பேர் கரூரிலிருந்து சுற்றுலா போனவர்கள்: ஒரு தாத்தாவும் இரண்டு பேரக் குழந்தைகளும். சந்தைக்குப் பக்கம், வாடகை கட்டுப்படியானது, நடந்தே எங்கும் போகலாம். இத்தனை நேரம் நான் சொல்லிவந்த எல்லாக் கணக்குப்படியும் சரியான இடம்.

அந்தச் செய்தியைப் படித்த பிறகு, லாட்ஜில் அறை எடுக்கும்போது எங்கள் மாமா செய்கிற காரியத்தின் அர்த்தம் எனக்கு முழுதாக விளங்கியது. அவர் பட்டாசு ஆபீஸில், அதாவது ஆலையில், போர்மேனாக இருந்தவர். மருந்து கையாளும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வாசலில் எதையும் வைக்கக் கூடாது என்பது அவருக்கு மனப்பாடமான விதி. அந்த விதி மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வட்டாரத்தில் ஒவ்வொரு வருஷமும் சாட்சி உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாமா எந்த லாட்ஜுக்குப் போனாலும் வாடகை கேட்பதற்கு முன் படிக்கட்டைப் பார்ப்பார். அறைக்குள் போனதும் ஜன்னலைத் தள்ளிப் பார்ப்பார். ஏ.சி. பெட்டியை வைத்து ஜன்னலை அடைத்திருந்தால் வேண்டாம் என்பார். கீழ்த்தளத்தில் குடோன் இருந்தால் உள்ளேயே நுழைய மாட்டார். நான்காவது மாடியில் நூறு ரூபாய் குறைவு என்றால், "ஏணி எட்டுற மாடியாக் குடுங்க" என்பார்.

ஒரு தடவை பெரியமேடு பக்கம் ஒரு லாட்ஜில் அறை எல்லாம் பிடித்திருந்தது. வாடகையும் குறைவு. "மாப்ள, இன்னொரு படி எங்க இருக்குன்னு கேளு" என்றார் மாமா. பின்பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. படியில் பழைய மெத்தைகள் அடுக்கியிருந்தன. சாவியைத் தேடிக்கொண்டு வந்த பையன், "அவசரம்னா திறந்துடுவோம் சார்" என்றான். மாமா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, நீயும் இங்கதான படுக்குற? மொதல்ல ஒனக்காகத் திறந்து வை" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். அந்தத் தெருவிலேயே நான்கு கட்டிடம் தள்ளி, இரண்டு படியும் திறந்திருந்த லாட்ஜில் நூற்றைம்பது ரூபாய் கூடக் கொடுத்துத் தங்கினோம். எங்கள் தெருவிலிருந்து சென்னை போகிற யார் கேட்டாலும் அந்த இடத்தைத்தான் சொல்லி அனுப்புகிறோம். வாடகையைப் பற்றிக் குறைப்பட்டவர்கள் உண்டு, மாமா அதற்காகப் பரிந்துரையை மாற்றியதில்லை.