குடும்பத்துக்கு ஒருவர்

சோனகத்தெருவில் நான் சிறுவனாக இருந்த காலத்தில் ஊர்ச் செய்தி ஒரு காரின் கூரையிலிருந்துதான் வந்தது. பழைய மொறிஸ் மைனர். கூரையில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி. முன் இருக்கையில் மைக்கைக் கையில் பிடித்தபடி ஒரு காக்கா. மீலாத் விழாவா, ராஜா தியேட்டரில் புதுப் படமா, நல்லூர்த் திருவிழாவா, பேதமில்லாமல் எல்லாவற்றையும் ஒரே ராகத்தில் அறிவிப்பார். சன்னலால் எறியும் மஞ்சள், ரோசா நிறத் துண்டுப்பிரசுரங்களைப் பொறுக்கிக்கொண்டு நாங்கள் காருக்குப் பின்னால் ஐந்து சந்தி வரை ஓடுவோம். எழுதப்படாத அவற்றின் பின்பக்கம் எங்கள் கணக்குக் கொப்பியாகும். பெரியவனானதும் அந்தக் காக்காவாக ஆகவேண்டும் என்பதுதான் எனது ஆசை. வாப்பாவிடம் சொன்னபோது, "அதுக்குத் தொண்டை வேணும், உன்னட்ட அது இல்லை" என்றார்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி காலையும் ஒலிபெருக்கி வந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பழக்க தோசத்தில் வாசலுக்கு ஓடினேன். துண்டுப்பிரசுரம் எதுவும் பறக்கவில்லை. குடும்பத்துக்கு ஒருவர் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும் என்று புலிகள் அறிவித்துக்கொண்டு போனார்கள். எங்கள் குடும்பத்திலிருந்து வாப்பா போனார். திரும்பி வந்தவர் யாரிடமும் பேசாமல் தையல் மெசினின் மூடியை எடுத்து மெசினை மூடினார். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். இதைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் புதிதாக எதையும் சேர்க்கப் போவதில்லை. ஒரு வசனத்தைப் பற்றி மட்டும்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

புத்தளத்து முகாமில் வளர்ந்து, படித்து, கடைசியில் கொழும்பில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாகப் போய்ச் சேர்ந்தேன். என்ன வேலை என்று உம்மா கேட்டபோது விளங்கப்படுத்த முடியவில்லை. "மற்றவங்கட நல்ல காரியத்தை ஊருக்குச் சொல்லுற வேலை" என்றேன். "அதுக்குமா சம்பளம்?" என்றார்.

சம்பளம் தருகிறார்கள். ஒரு வங்கியோ தொலைபேசிக் கம்பனியோ ஏதாவது ஓர் ஊரில் குளம் துப்புரவாக்க, இரத்ததானம் நடத்த, பாடசாலைப் பைகள் கொடுக்க அனுசரணை வழங்கும். மிச்சம் எல்லாவற்றையும் எங்களைப் போன்ற நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும். பொலிஸில் ஒலிபெருக்கி அனுமதி எடுப்பது, பிரதேச செயலகத்துக்குக் கடிதம் போடுவது, பிரதம அதிதியின் பெயரைச் சரியான பட்டங்களோடு அழைப்பிதழில் அச்சிடுவது, மும்மொழியிலும் ஊடக அறிக்கை தயாரிப்பது, பத்திரிகையாளரைத் தொலைபேசியில் நச்சரிப்பது. விழா முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். வெளிவந்த செய்திகளை வெட்டி ஒட்டி, அடிமட்டம் வைத்து நீளமும் அகலமும் அளந்து, அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு ரூபாய் ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்ப்போம். செய்திக்கு விளம்பரத்தைவிட மதிப்பு அதிகம் என்று சொல்லி அந்தத் தொகையை மூன்றால் பெருக்குவதும் உண்டு. 2010இல் பார்சிலோனாவில் கூடிய இந்தத் துறையின் அளவையாளர்கள், விளம்பரப் பெறுமதி என்பது மக்கள் தொடர்பின் பெறுமதி அல்ல என்று வெளிப்படையாகவே பிரகடனம் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் எங்கள் அலுவலகத்தில் அடிமட்டம் மேசையை விட்டு இறங்கவில்லை.

தொழிலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல காரியம் தானாகவே ஊருக்குத் தெரியவரும் என்பது பொய். யாழ்ப்பாண நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்த புத்தகங்களை அயலாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊருக்குப் பொது நூலகம் வேண்டும் என்று வேண்டுகோள் எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தது. பிறகு கட்டடத்துக்குக் காசு சேர்க்கக் களியாட்ட விழா வைத்தார்கள், லொத்தர் விற்றார்கள். 1959இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடம் இப்படித்தான் எழுந்தது. கேட்டவரும் கொடுத்தவரும் வாசிக்கப் போனவரும் ஒரே ஊர்க்காரர்.

1981இல் அது எரிந்தது. ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. 1990களின் பிற்பகுதியில் சந்திரிகா அரசாங்கம் அதை மீளக் கட்ட முன்வந்தபோது வெண்தாமரை இயக்கம் தென்னிலங்கை மக்களிடம் புத்தகமும் செங்கல்லும் கேட்டுப் பிரசாரம் செய்தது. கொடுத்த சிங்கள மக்களில் பலர் மனதாரத்தான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யுத்தம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, கேட்டது யார், யாருக்குக் காட்டுவதற்காகக் கேட்டார்கள் என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் எழுந்தது. கரிந்த கட்டடம் கரிந்தபடியே நின்று சாட்சி சொல்லட்டும் என்றவர்களும் இருந்தார்கள். 2003 பெப்ரவரியில் திறப்பு விழா வைக்க முயன்றபோது புலிகளின் எதிர்ப்பு வந்தது, மாநகர சபை உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். கடைசியில் ஆரவாரமில்லாமலே கதவு திறந்தது. எங்கள் அலுவலக மொழியில் சொன்னால், விழா தோல்வி. நூலகத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களிடம் கேட்கப்பட்ட மன்னிப்பும் ஓர் ஊடக நிகழ்ச்சியில்தான் வந்தது. 2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில், உலகத்துச் செய்தியாளர் எல்லாரும் கூடியிருந்த மாநாட்டில், முஸ்லிம்களை வெளியேற்றியதற்கு அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். முகாமில் வானொலியைச் சுற்றி இருந்து கேட்டோம். வாப்பா மட்டும் எழுந்து வெளியே போனார். "வீட்டை வந்து அனுப்பினவன் வீட்டை வந்தெல்லோ சொல்லவேணும்" என்றார். அவர் யாழ்ப்பாணத்தைத் திரும்பப் பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்த பின்பு எங்கள் தொழிலுக்கு நல்ல காலம். அரசாங்கமே லண்டனின் பெல் பொட்டிங்கர் நிறுவனத்தை அமர்த்தியது. 2010இல் மகிந்த ராஜபக்ச ஐ.நா.வில் ஆற்றிய உரையைத் தாங்களே எழுதியதாக அதன் அதிகாரிகள் பெருமையடித்தது, மாறுவேடத்தில் போன பத்திரிகையாளர்களால் 2011இல் வெளியே வந்தது. (அந்த நிறுவனம் தென்னாபிரிக்காவில் இனப்பகையைக் கிளறும் பிரசாரத்தில் அகப்பட்டு 2017இல் மூடப்பட்டது.) அந்த உயரம் எங்களுக்கு எட்டாது. எங்களுக்குக் கிடைத்தவை கண் பரிசோதனை முகாம்கள்.

2012இல் அப்படியொரு முகாம் சோனகத்தெருவுக்கு வந்தது. மீண்டு வந்திருந்த குடும்பங்களின் முதியவர்களுக்குக் கண் பரிசோதனை, வாசிப்புக் கண்ணாடி, பிள்ளைகளுக்குப் புத்தகப்பை. அனுசரணை ஒரு பெரிய கம்பனி. "உன்ர ஊர்தானே, நீயே போய்ப் பார்" என்று மேலாளர் என்னை அனுப்பினார். எனக்குச் சந்தோசம் என்றால் அப்படியொரு சந்தோசம். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு கூரையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டியோடு எங்கள் தெருவுக்குப் போகிறேன். கார் இல்லை, ஓட்டோதான். தொண்டையும் தேவையில்லை, கொழும்பில் ஒலிப்பதிவு செய்து கொண்டுபோனேன்.

வாசகம் நான் எழுதியது. கம்பனி ஒரு குடும்பத்துக்கு ஒரு பொதி என்று கணக்கு வைத்திருந்தபடியால் முதல் நாளே பதிவு செய்து இலக்கத் துண்டு கொடுக்கத் தீர்மானித்திருந்தோம். ஆகவே இப்படி எழுதினேன்: சோனகத்தெரு வாழ் மக்களுக்கு ஓர் அறிவித்தல், குடும்பத்துக்கு ஒருவர் இன்று பகல் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குச் சமூகமளிக்கவும்.

மேலாளர் வாசித்தார். கம்பனிக்காரர் வாசித்தார். நானும் எத்தனை தரம் வாசித்திருப்பேன், கணக்கில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிக்கவைத்துக் கேட்டு, "குடும்பத்துக்கு ஒருவர்" என்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேண்டும் என்று சொன்னவனும் நான்தான்.

ஓட்டோ தெருவுக்குள் திரும்பியது. நான் பின்னால் நடந்தேன். சில வீடுகளில் திரைச்சீலை அசைந்தது. சிறுவர்கள் மட்டும் ஓடிவந்தார்கள். அவர்கள் புத்தளத்தில் பிறந்தவர்கள். ஒரு வீட்டு மாமி முற்றத்தில் காயப்போட்டிருந்த உடுப்பை அவசரமாகக் கொடியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போனதைக் கண்டேன். மழை வரப்போகிறது போலும் என்று வானத்தைப் பார்த்தேன். வானம் வெளித்திருந்தது.

அடுத்த வீட்டுத் திண்ணையில் வாப்பாவோடு முன்பு தையல் வேலை செய்த பெரியவர் ஒருவர் இருந்தார். என்னை அடையாளம் கண்டுவிட்டார். சலாம் சொன்னேன். பதில் சலாம் சொல்லிவிட்டு, ஓட்டோ போன திக்கைக் கையால் காட்டிக் கேட்டார்:

"இந்த முறை எத்தினை மணித்தியாலம் தம்பி?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பகிடிக்குத்தான் கேட்டார். எனக்குக் கால் நகரவில்லை. ஒலிபெருக்கி இரண்டாம் தரமும் அதையே சொன்னது. அப்போதுதான் என் சொந்த வசனம் என் காதில் விழுந்தது.

ஓடிப்போய் ஓட்டோவை நிற்பாட்டினேன். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். மேலாளர் கெட்ட மனிதரல்ல. 1990 பற்றி அவருக்கு ஒரு வரிச் செய்தியாகத் தெரியும், அவ்வளவுதான். "அந்த வசனத்தை மட்டும் மாத்திப் போட்டு ஓடவிடுங்கோ, அனுமதிக்குக் காசு கட்டியாச்சு, ஓட்டோவும் பெனரும் சேர்ந்த படம் அறிக்கைக்கு வேணும்" என்றார். வசனத்தை மாற்றினால் போதாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். உம்மாவுக்கு என் வேலையை விளங்கப்படுத்த முடியாமல் போனதுபோல் இவருக்கு இதையும் விளங்கப்படுத்த முடியவில்லை. சிக்னல் சரியில்லை என்று தொலைபேசியை வைத்தேன்.

அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் நிர்வாகத்தவரிடம் பேசினேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "மைதானம் வேண்டாம் தம்பி, மதரசா மண்டபத்தில வையுங்கோ" என்றார் ஒருவர். பெண்கள் இருவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். நானும் ஒரு பக்கத்துக்குப் போனேன். எந்த வீட்டிலும் கண்ணாடியைப் பற்றி முதலில் கேட்கவில்லை. நான் யாருடைய மகன், உம்மா சுகமா, வாப்பா எப்போது மௌத்தானார், எங்கே அடக்கினோம் என்றுதான் கேட்டார்கள். இரண்டு தேத்தண்ணிக்கு மேல் குடிக்க முடியாது என்று எவ்வளவு சொல்லியும் விடவில்லை. ஒரு மணித்தியாலத்தில் ஓட்டோ முடித்திருக்கக்கூடிய வேலைக்கு இரவு பத்து மணி ஆனது.

மறுநாள் மண்டபம் நிறைந்தது என்று சொல்லமாட்டேன். வரவேண்டியவர்கள் வந்தார்கள். மருத்துவர்கள் நல்ல பிள்ளைகள், பொறுமையாகப் பார்த்தார்கள். அந்தக் கம்பனியும் எங்கள் நிறுவனமும் இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடிகள் எங்கள் தெருவுக்கு வந்திருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தையல்காரப் பெரியவருக்கு ஒரு கண்ணாடி பொருந்தியது. சோதித்துப் பார்க்க வாசிப்பதற்கு ஏதாவது கொடுங்கள் என்றார் மருத்துவர். பக்கத்தில் கிடந்த எங்கள் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தேன். தூரத்தில் பிடித்து, கிட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். இரண்டாவது வரியில் நின்றார்.

"'மீள்குடியேறிய மக்கள்' எண்டு போட்டிருக்கு. ஆர் எழுதினது?"

"நான்தான் மாமா."

"நான் இஞ்ச பிறந்தவன் தம்பி. என்ர வாப்பாவும் இஞ்சதான். எங்கயிருந்து வந்து குடியேறினனான்?" கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் பக்குவமாக வைத்தார். "கண்ணாடி நல்லாயிருக்கு. சின்ன எழுத்தும் தெரியுது."

கொழும்புக்கு வந்து இறுதி அறிக்கை எழுதினேன். வெட்டி ஒட்டிய செய்திகளை அளந்து, கூட்டி, மூன்றால் பெருக்கினேன். ஓட்டோவும் பெனரும் சேர்ந்த படம் இல்லாததற்கு மழை என்று காரணம் எழுதினேன். தமிழ்ப் பிரதியில் 'மீள்குடியேறிய மக்கள்' என்று வந்த இடமெல்லாம் 'சோனகத்தெரு மக்கள்' என்று மாற்றினேன். சிங்களப் பிரதியிலும் ஆங்கிலப் பிரதியிலும் அந்தச் சொல் அப்படியே இருந்தது. கம்பனிக்காரர் வாசிப்பது அந்த இரண்டையும்தான்.