ஒரு டம்ளர் வரை

பண்டிகை வந்தாலே பெரியம்மாவுக்கு வயிறு உப்பும். வடை எண்ணெய், வாய்வு, வயசு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பால் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு வேளையும் ஃபில்டர் காபி குடிப்பவருக்குப் பாலால் என்ன வந்துவிடும்?

வயிற்று மருத்துவர் மாத்திரைக்கு முன்னால் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு எப்போது மக்கர் பண்ணியது. மளிகைக் கணக்கு எழுதிப் பழகிய கை, ஒழுங்காக எழுதினார். காபியோடு நின்ற நாளில் ஒன்றுமில்லை. பால் பாயசமும் பால்கோவாவும் சேர்ந்த நாளில் உப்புசம், பேதி.

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைப்பது லாக்டேஸ் நொதி. தாய்ப்பால் வயது தாண்டியதும் பெரும்பாலோருக்கு அது குறைந்துவிடும். உலகில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான்; நம் நாட்டில் வடமேற்கைவிடத் தெற்கில் அதிகம். ஆக, எங்கள் வீட்டில் அதிசயப் பிறவி பெரியம்மா அல்ல, எழுபது வயதில் சொம்புப் பாலைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியப்பாதான். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகிறது. அதிலுள்ள ஹைட்ரஜனை மூச்சில் அளக்கும் பரிசோதனைகூட உண்டு.

ஆனால் இதில் அளவுதான் எல்லாம். ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ், அதாவது ஒரு டம்ளர் பால், பலருக்குத் தாங்கும். டபரா காபியில் அதில் பாதி இருந்தால் அதிகம். சுண்டக் காய்ச்சிய பால்கோவா கதை வேறு. தயிரில் ஒரு பங்கை உறைமோரின் பாக்டீரியாவே தின்றுவிடும்; நெய்யில் அநேகமாக இல்லை. பெரியம்மா காபியை விடவில்லை. பாயசத்தைத் தேங்காய்ப்பாலுக்கு மாற்றிக்கொண்டார்.

இந்தக் "கொஞ்சம்னா பரவாயில்லை" கணக்கை ஒவ்வாமைக்குக் கொண்டுபோனால் ஆபத்து. அது உடலின் எதிர்ப்புச் சக்தி தவறிப்போய் உணவுப் புரதத்தோடு போடும் சண்டை. வேர்க்கடலை ஆகாத குழந்தைக்கு ஒரு துணுக்குப் போதும்: நிமிடங்களில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல். அப்போது வேண்டியது அட்ரினலின் ஊசி. நோட்டுப் புத்தகம் அல்ல. பசும்பால் ஒவ்வாமைக்கு ஆட்டுப்பால் கொடு என்பார்கள். இரண்டின் புரதங்களும் அவ்வளவு நெருக்கம் என்பதால் அதுவும் பெரும்பாலும் சேராது.

"கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்துப் பழக்கு" என்கிற பாட்டிகளை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. லண்டனில் கிடியன் லாக் குழுவினர், ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு ஒரு வயதுக்குள்ளேயே வேர்க்கடலை உணவு கொடுக்கச் செய்தார்கள். மறுபாதியினர் தொடவே இல்லை. ஐந்து வயதில் பார்த்தால், சாப்பிட்டவர்களிடம் கடலை ஒவ்வாமை மற்றவர்களிடம் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான். முடிவு 2015இல் வெளியானது. ஆனால் அது ஒவ்வாமை வருமுன் செய்தது. வந்தபின் பழக்கிப் பார்ப்பது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டிய வேலை, அடுப்படியில் அல்ல.

எனக்கு எரிச்சல் மூட்டுவது, நூற்றுக்கணக்கான உணவுகளை ஒரே ரத்தப் பரிசோதனையில் சொல்லிவிடுவதாக வரும் ஐஜிஜி எதிர்ப்பொருள் விளம்பரங்கள். அந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் காட்டுவது, நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதை மட்டுமே. ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதை ஏற்பதில்லை. அந்தத் தாளை நம்பிப் பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் பிள்ளை இளைப்பதுதான் மிச்சம்.

கோதுமை ஆகாத சீலியாக் நோய் உள்ளவர்களின் பாடு இன்னும் நுணுக்கமானது. ரவை, பரோட்டா, சேமியாவை ஒதுக்குவது எளிது. கடைப் பெருங்காயத்தில் பல வகைகள் மைதா கலந்தவை. டப்பாவில் அச்சிட்டிருக்கும், படித்துக்கொள்ளலாம். ஓட்டல் சாம்பாரில் எதைப் படிப்பது? நண்பர் ஒருவர் சப்ளையரிடமே கேட்டார். "சாம்பார்ல எதுக்கு சார் கோதுமை?" என்று சிரித்தவர், இட்லி மூழ்க ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.