திரைக் குறிப்பும் தெளிதமிழும்

ஒரு சொல்லில் இரு பொருள் அமையப் பாடுதல் புலவர்க்குப் பெருமை. காளமேகப் புலவரின் சிலேடைகளை வகுப்பறையில் விரித்துரைக்குந்தோறும் மாணவர் முகம் மலரக் கண்டு நாம் மகிழ்ந்ததுண்டு. ஆயின், ஒரு பணியை எவ்வாறு செய்வது என்று கூறும் குறிப்பில் அதே சிலேடை புகுந்துவிட்டால் விளைவது இன்பமன்று; இழப்பே. இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியது எந்த நூலும் அன்று. காவாந்தண்டலத்தில் நம் தமக்கையார் இல்லத்தில் இருந்த ஒரு பழைய மடிக்கணினிதான்.

செய்யாற்றங்கரையில், உத்திரமேரூர்ப் பகுதியில் அமைந்த சிற்றூர் அது. தமக்கையாரின் மகளே அவ்வில்லத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி, மேனிலைப் பள்ளியில் பயின்றபோது அவளுக்கு ஒரு கணினி கிடைத்தது. 2017-இல் முதுகலைத் தமிழ் பயின்ற காலத்தில், ஆய்வேட்டிற்காகச் சுற்றுவட்டார நடவுப் பாடல்களைத் திரட்டி அக்கணினியில் தட்டச்சிட்டு வைத்திருந்தாள். எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள். அவற்றுள் பதினொன்று ஒரே மூதாட்டி பாடியவை.

கணினி மிக மெதுவாக இயங்கத் தொடங்கவே, கட்டணமில்லாத இயக்குதளம் ஒன்றை அதில் ஏற்ற முனைந்தாள். நிறுவும்போது தோன்றிய குறிப்புகள் தமிழிலேயே இருந்தன. ஓரிடத்தில் ஐயம் எழ, நம்மைத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, 'பகிர்வை நீக்கவா?' என்று கேட்கிறது. கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு இருக்கின்றன. எதை அழுத்தட்டும்?" என்றாள். பகிர்வு என்பது பிறரோடு பங்கிட்டுக் கொள்ளுதல். நம் கோப்புகளைப் பிறர் காணாதவாறு செய்யவே கேட்கிறது போலும் என்று எண்ணி, "சரியை அழுத்தம்மா" என்றோம். அவளும் அழுத்தினாள்.

அங்கே 'பகிர்வு' எனப்பட்டது வன்தட்டின் ஒரு பாகம். ஒரே வன்தட்டைப் பாகங்களாகப் பிரித்துப் பயன்படுத்துவது வழக்கம். நீங்கிய அந்தப் பாகத்தில்தான் பாடல்கள் அனைத்தும் இருந்தன. வேறிடத்தில் படியெடுத்து வைக்கவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று திங்களே எஞ்சியிருந்த நிலையில், ஊர் ஊராய் மீண்டும் நடந்து பெரும்பாலானவற்றைத் திரட்டிவிட்டாள். அந்த மூதாட்டியோ அதற்குள் மறைந்துவிட்டிருந்தார். பதினொரு பாடல்களும் அவரோடு போயின. பிழை நம்முடையது என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. ஆயினும், ஆண்டுக் கணக்கில் தமிழ் கற்பித்துவந்த நமக்கு இருசொல் தொடர் ஒன்றின் பொருள் விளங்கவில்லையே என்னும் வருத்தம் இன்றளவும் தீரவில்லை.

இம்மயக்கம் எங்கிருந்து வந்தது எனப் பின்னர் வினவி அறிந்தோம். கட்டணமில்லா மென்பொருள்களைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் ஊதியம் கருதாத தொண்டர்கள்; தமிழகம், இலங்கை, மலேசியா, கனடா எனப் பல நாடுகளில் வாழ்பவர்கள். அவர்தம் கைக்குக் கிடைப்பது சொற்றொடர்களின் நீண்ட பட்டியலே, திரை அன்று. ஒரு தொடர் எந்தத் திரையில், எந்தப் பொத்தானின்மேல் வரும் என்பது பலவேளைகளில் அவர்கட்குத் தெரிவதில்லை. வன்தட்டின் பாகத்தைக் குறிக்கும் 'பார்ட்டிஷன்' என்னும் சொல்லையும், பங்கிட்டுக் கொள்ளுதலைக் குறிக்கும் 'ஷேர்' என்னும் சொல்லையும் வெவ்வேறு கைகள் வெவ்வேறு நாளில் 'பகிர்வு' என்றே பெயர்த்துவிட வாய்ப்புண்டு. நன்னூலார் நூற்குற்றங்களுள் ஒன்றாகக் கூறும் 'மயங்க வைத்தல்' இவ்வாறுதான் நேர்கிறது. "வன்தட்டின் இப்பாகத்தையும் இதிலுள்ள கோப்புகள் அனைத்தையும் அழிக்கவா? அழித்தபின் மீட்பது அரிது" என்று திரை கேட்டிருப்பின், அன்று நாமே அவளைத் தடுத்திருப்போம்.

வினா தெளிவாயினும், விடை தெளிவாக இல்லையேல் பயனில்லை. "நிறுவுதலை ரத்து செய்யவா?" என வினவி, 'சரி', 'ரத்து' என இரு பொத்தான்களை வைத்தால் என்ன பொருள்? 'சரி' என்பது ரத்தைக் குறிக்கிறது. 'ரத்து' என்பதோ ரத்து செய்வதையே ரத்து செய்கிறது! 'நிறுவுதலை நிறுத்து', 'தொடர்ந்து நிறுவு' என்று செயலையே பொத்தானில் எழுதிவிட்டால் குழப்பம் ஏது?

இங்கு ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடல் தகும். ஆப்பிள் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'லிசா' கணினியை உருவாக்கி வந்தபோது, கணினிப் பழக்கமில்லாதவர்களை அதன்முன் அமர்த்திக் கவனித்தனர். ஒரு பொத்தானில் 'செய்க' என்னும் பொருளில் 'டூ இட்' என எழுதியிருந்தது. எழுத்துகளின் இடைவெளி குறுகியிருந்தமையால் ஒருவர் அதை 'டோல்ட்', அஃதாவது 'மூடன்', எனப் படித்துக் கணினி தம்மை இகழ்வதாகச் சினந்தார். அதன்பின் அச்சொல் 'ஓகே' என மாறியது. அதன் தமிழே நம் 'சரி'. பின்னாளில் அந்நிறுவனமே, பொத்தானில் செயலைக் குறிக்கும் வினைச்சொல்லை எழுதுமாறு நெறி வகுத்தது.

தமிழில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பொத்தானின் சொல், மனிதர் கணினிக்கு இடும் கட்டளை; 'சேமி', 'அழி' என ஏவல் ஒருமையில் அமைவதே முறை. திரையில் வரும் வாக்கியமோ கணினி மனிதரை நோக்கிக் கூறுவது. 'பெயரைத் தட்டச்சிடுங்கள்', 'சற்றுப் பொறுங்கள்' என மரியாதை குன்றாமல் அமைதல் வேண்டும். இரண்டையும் 'செய்யவும்' என்றே முடித்துவிட்டால் யார் யாரை ஏவுகிறார் என்பது புலப்படாது.

இவையெல்லாம் மேலைநாட்டார் கண்ட புதுமை என எண்ண வேண்டா. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் ஆட்சிக்காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. ஓலைகளில் பெயர் எழுதிக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவது முதல் அனைத்தும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. குடத்தை எல்லோரும் காண உயர்த்துபவர் யார், உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் எதை எடுக்க வேண்டும், மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஓலையை வாங்க வேண்டும் என்பது வரை ஒன்றும் விடுபடவில்லை. யார், எதை, எப்போது, எவ்வாறு செய்வது என்னும் நான்கும் அங்கே உள்ளன. 919-ஆம் ஆண்டில் வெட்டிய விதியில் வயது முப்பது முதல் அறுபது வரை என்றிருந்தது. 921-இல் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாறியது. கல்லில் வெட்டியதையே இரண்டாண்டில் திருத்தியிருக்கிறார்கள். திரையில் எழுதியதைத் திருத்துவதற்குத் தயக்கம் எதற்கு?

ஆதலின் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வகுப்பில் இப்போது ஒரு பயிற்சி அளித்து வருகிறோம். தமிழில் அமைந்த திரைக் குறிப்பு ஒன்றைத் தாளில் எழுதி, வீட்டிலுள்ள அத்தாவிடமோ அம்மாவிடமோ படிக்கக் கொடுத்து, "இதை அழுத்தினால் என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்க வேண்டும். விடை தவறினால் அவர்களைத் திருத்தக் கூடாது; குறிப்பைத் திருத்த வேண்டும். அவ்வாறு திருந்திய தொடர்களைத் தமிழாக்கத் தொண்டர்களுக்கு அனுப்பி வைக்கலாம். இது கணினித் துறையார்க்கு மட்டும் உரிய பணியன்று; தமிழ்த் துறையின் கடமையும் ஆகும்.

நம் மருமகள் இன்று பள்ளியொன்றில் தமிழாசிரியை. மாணவர்க்குக் கணினியைத் தொடக் கற்பிக்கும்போது, "புரியாத இடத்தில் எதையும் அழுத்தாதீர்கள், முதலில் படியெடுத்து வையுங்கள்" என்று சொல்வதாகக் கூறினாள். அவள் கூறுவது நன்றே. ஆயினும், புரியாத இடமே இல்லாதவாறு எழுதித் தருவது தமிழ் கற்றோராகிய நம்மீது உள்ள கடன் அன்றோ?